'பிஸெட்' இல்ல, பிஸே: மன்னார் கடலும் ஒரு பிரெஞ்சு ஓபராவும்

கேளம்பாக்கத்திலிருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு பேர்ல ஆரம்பிப்போம்.

'கார்மென்' ஓபராவுக்கு இசையமைச்சவர், 1838-இல் பாரிஸில் பிறந்தவர். அவர் பேரை ஆங்கில எழுத்துல பார்த்தா 'பிஸெட்'னுதான் படிக்கத் தோணும். சரியான உச்சரிப்பு 'பிஸே'. கடைசி எழுத்து காகிதத்துல மட்டும்தான், வாயில வராது. ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போறவங்களுக்கு இது புதுசில்ல. அங்க 'டுமாஸ்'னு எழுதியிருக்கிற தெரு, பிரெஞ்சுல 'துமா'.

வாய் மாறினா பேரும் மாறும். நம்ம பக்கத்துக் கோவளத்தையே ஆங்கிலேயர்கள் 'கோவ்லாங்' ஆக்கிட்டாங்க. ஆனா அதுலயாவது பழைய பேரோட சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பிஸேயோட இன்னொரு ஓபராவில் அதுவும் இல்லை.

அதன் பெயர் 'முத்துக்குளிப்போர்'. 1863 செப்டம்பர் 30, பாரிஸில் அரங்கேறியது. பிஸேவுக்கு அப்போ வயசு 24. கதை நடக்கிற இடம் இலங்கை. கதையை எழுதின இரண்டு பேரும் முதல்ல நினைச்சது மெக்சிகோவை! அப்புறம்தான் இலங்கைக்கு மாத்தினாங்க. பாத்திரங்கள் பிரம்மாவைக் கும்பிடுறாங்க. ஆனா பேரெல்லாம் லெய்லா, நாதிர், சுர்கா, நூராபாத். தமிழ்ப் பேரோ சிங்களப் பேரோ ஒண்ணுகூட இல்லை.

நிஜத்தில் மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்துக்கு நம்ம கரையிலிருந்து பரவர்களும் முஸ்லிம்களும் போனாங்க. கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி இறங்குவாங்க. மூச்சு முட்டினா கயிற்றை அசைக்கணும்; படகில் இருப்பவர் மேலே இழுப்பார்.

ஓபராவில் முத்துக்குளிக்கிறவங்களைக் காப்பாத்தப் பாறை மேல நின்னு பாடுறவள், முகத்திரை போட்ட லெய்லா. நிஜக் கரையிலும் அப்படி ஒருத்தர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்றவர். அவருக்குத் தமிழில் 'கடல்கட்டி'ன்னு பேரு. அவர் இல்லாம பலர் தண்ணியில இறங்கவே மாட்டாங்க. அந்த வேலையையும் அந்தச் சொல்லையும் ஆங்கிலேயர்கள் தங்கள் புத்தகங்களில் பதிவு செஞ்சிருக்காங்க.

பிஸே 1875-இல், 36 வயசுல இறந்துட்டார். அவர் இசை அழகு, அதுல சந்தேகமே வேண்டாம். அவர் பேரைச் சரியா சொல்றது ஒரு மரியாதை. அந்த ஓபராவைக் கேட்கும்போது 'கடல்கட்டி'ங்கிற பேரையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அதுவும் அதே மரியாதைதான்.