பைத்தியக்காரனின் சாட்சி

கடைசியில் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும் என்ற தைரியத்தில்தான் துப்பறியும் படம் பார்க்க உட்காருகிறோம். ‘டாக்டர் காலிகாரியின் கேபினட்’ அந்தத் தைரியத்தைக் கெடுத்துவிடுகிறது. ராபர்ட் வீனே இயக்கிய இந்த மௌனப்படம் 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளியானது.

சந்தையில் வித்தை காட்ட வருகிறார் காலிகாரி. அவர் பெட்டிக்குள் தூங்கும் சீசர், ஆலன் என்ற இளைஞனைப் பார்த்து, விடிவதற்குள் நீ செத்துவிடுவாய் என்கிறான். அப்படியே நடக்கிறது. நண்பன் பிரான்சிஸ் துப்புத் துலக்கக் கிளம்புகிறான். தடயம் அவனை ஒரு மனநோய் விடுதிக்குக் கொண்டுபோகிறது. காலிகாரிதான் அங்கே இயக்குநர்! அவர் டைரியே சாட்சி. வழக்கு முடிந்தது என்று நாம் நிமிரும்போது, கதை சொன்ன பிரான்சிஸே அந்த விடுதி நோயாளி என்று தெரிகிறது. அட, இவனே லூசா? அப்போ இவ்வளவு நேரம் நாம பார்த்தது என்ன?

முதல் உலகப் போரில் ஜெர்மனி சுமார் 20 லட்சம் வீரர்களை இழந்திருந்தது. உயிரோடு திரும்பியவர்களில் பலருக்குக் கைகால் நடுக்கம் நிற்கவில்லை. 1916இல் ஃப்ரிட்ஸ் காஃப்மன் என்ற மருத்துவர் இதற்கொரு வைத்தியம் எழுதினார்: கடுமையான மின் அதிர்ச்சி, கூடவே ராணுவத் தொனியில் கட்டளைகள். திரைக்கதை எழுதிய இருவரில் ஹான்ஸ் யானோவிட்ஸ் அந்தப் போரில் அதிகாரியாக இருந்தவர். தூக்கத்தில் நடப்பவனை ஏவிக் கொல்லவைக்கும் மருத்துவர் அந்தக் காலத்தில் வெறும் கற்பனை இல்லை.

அந்த முடிவு தங்கள் விருப்பத்தை மீறிச் சேர்க்கப்பட்டது, அதனால் அதிகாரத்தின் மீதான குற்றச்சாட்டு பைத்தியத்தின் உளறலாகிவிட்டது என்று யானோவிட்ஸ் பின்னாளில் சொன்னார். ஜீக்ஃப்ரீட் கிராகவர் அதை ஏற்று, 1947இல் வந்த தன் நூலில் காலிகாரியிலிருந்து ஹிட்லருக்கு ஒரு கோடு இழுத்தார். ஆனால் காலிகாரியாக நடித்த வெர்னர் கிராஸ் வைத்திருந்த திரைக்கதைப் பிரதி கிடைத்தபோது வேறொன்று தெரிந்தது. அதிலும் பிரான்சிஸ் பழைய கதையைச் சொல்பவன்தான். ஆனால் நோயாளி அல்ல, நண்பர்களோடு வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவன். யானோவிட்ஸ் சொன்னது பாதி சரி.

கிராகவரின் கோடு எனக்குக் கொஞ்சம் நேராகவே படுகிறது. ஹிட்லர் வந்துபோன பிறகு தடயங்களைப் பின்னோக்கி அடுக்குவது சுலபம். நடிகர்களின் வாழ்க்கைகூட அந்தக் கோட்டில் அடங்கவில்லை. கிராஸ் 1940இல் நாஜிகளின் ‘யூதர் சூஸ்’ படத்தில் நடித்தார். சீசராக நடித்த கான்ராட் வைட் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, ‘காஸாபிளாங்கா’வில் நாஜி அதிகாரியாக வந்தார்.

முடிவு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்பதையும் ஏற்க முடியவில்லை. படம் முழுக்கக் கோணல் சுவர்கள், திரைச்சீலையில் தீட்டிய நிழல்கள். பிரான்சிஸின் மூளைதான் கோணல் என்றால், உண்மை வெளிப்பட்ட பிறகு சுவர்கள் நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் கடைசிக் காட்சியிலும் விடுதிக்கூடம் அவன் கதையில் வந்த அதே கூடம்தான், அதே விசித்திரக் கோடுகளோடு.

பிரான்சிஸைக் கட்டிப்போடுகிறார்கள். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். ஒரு நொடி அசல் காலிகாரி. இவனைக் குணப்படுத்தும் வழி தெரிந்துவிட்டது என்கிறார். அந்த முகத்தில் படம் முடிகிறது. 1920இல் அரங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய சிப்பாய்க்கு, குணப்படுத்துவது என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்கும்.