பாலாற்றங்கரை வயிறும் தலைவலி மாத்திரையும்

உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையைச் சுருக்கியோ, அதன் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு எஞ்சிய சிறு பையைச் சிறுகுடலோடு நேரே பொருத்தியோ செய்யப்படும் சத்திர சிகிச்சை நம் நாட்டுக்கு அண்மைக் காலத்தில் வந்ததே. எனினும், அச்சிகிச்சை பெற்றவர் ஒற்றைத் தலைவலியோடு வந்து நிற்கும்போது எந்த மாத்திரையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று மருத்துவர் நிதானித்து யோசிக்கிற அந்தத் தர்மசங்கடம் மட்டும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் ஊர்களுக்குப் புதியதன்று. வயிற்றில் கத்தி பட்டவர்களும் தலைவலி மாத்திரையும் சேர்ந்தால் என்ன விபரீதம் விளையும் என்பதை, பருமன் சிகிச்சை என்ற பெயரே உலகில் தோன்றாத காலத்தில், தென்னாட்டு வைத்தியசாலைகள் அனுபவத்தில் கண்டறிந்திருந்தன. அந்தப் பழைய கதையை அறியாமல், இச்சிகிச்சை பெற்றவர் ஆஸ்பிரின் இனத்து வலிமாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற புதிய எச்சரிக்கையைப் படிப்பவர்களுக்கு, அது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான விதி போலத் தோன்றுகிறது.

முதலில் தலைவலியைப் பார்ப்போம். 1856இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் இருப்புப்பாதை போடப்பட்டு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய பின், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகம் வழியே சீமைக்குப் போவது எளிதாயிற்று. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அந்த வியாபாரத்தில் விருத்தியடைந்தன. வியாபாரத்தின் லாபத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதன் நாற்றத்தைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் மயிர் கழற்றும் இடத்தில், பிற்காலத்தில் சோடியம் சல்பைடும் சேர்ந்துகொண்ட பிறகு எழும் வாயு தலையைப் பிடித்து அழுத்துவது. வெயிலில் தோல் காயப்போடும் களத்தின் வெண்மையான ஒளி கண்ணைக் கூசச் செய்வது. 1970களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்ததையொட்டிச் செருப்பும் ஷூவும் செய்யும் ஆலைகள் பெருகி, அங்கே ஷூவின் மேற்பாகமாகிய 'அப்பர்' ஒட்டும் மேஜையில் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்களின் மூக்கில் 'சொல்யூஷன்' என்று அவர்கள் சொல்லும் பசையின் நெடி ஏறுவது. உற்பத்திக் கணக்கு முடிய வேண்டுமென்று மத்தியானச் சோறு தள்ளிப்போவது: கடும் நெடி, கூசும் ஒளி, பசி, தூக்கக்குறைவு என்று ஒற்றைத் தலைவலியாகிய மைக்ரேனைத் தூண்டுவனவாக மருத்துவ நூல்கள் எண்ணும் யாவும் இத்தொழிலில் ஒருங்கே குடியிருந்தன என்றால் மிகையாகாது. பாலாற்று நீர் கெட்டதற்கு 1996இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்புக் கிடைத்தது. தலைவலியோ வழக்காடக்கூடிய வியாதியன்று. அதற்குக் கிடைத்ததெல்லாம் மாத்திரைதான்.

மாத்திரைக்கு முன்பு பற்று இருந்தது. சுக்கை இழைத்து நெற்றியில் இடுவதும், நொச்சித் தழையை வேகவைத்து ஆவி பிடிப்பதும், ஒரு துணியை நெற்றியைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுப்பதும் எல்லாச் சாதியாரும் மதத்தாரும் கைக்கொண்ட சிகிச்சைகள். ஆயுர்வேத நூல்கள் 'அர்த்தாவபேதகம்' என்றும், யுனானி ஹக்கீம்கள் 'ஷகீகா' என்றும் பாதித்தலையில் வரும் இந்நோயைத் தனியே பிரித்துச் சொல்லியிருந்தார்கள். 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனமும் இந்தப் பற்றின் வம்சத்தைச் சேர்ந்ததுதான். வயிற்றுக்குள் போகாததால் வயிற்றைக் கெடுப்பதில்லை என்ற புண்ணியம் அவற்றுக்கெல்லாம் உண்டு.

1899இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் நிலைமை மாறியது. ஆஸ்ப்ரோ, அனாசின், 1933இல் ரோஷ் கம்பெனி வெளியிட்ட சாரிடான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாத்திரைகள் நம் பெட்டிக்கடைகளில் பீடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் இடம் பிடித்தன. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆஸ்பிரின், பெனாசிட்டின், காபீன் மூன்றும் கலந்த 'ஏ.பி.சி.' மாத்திரை வெகுகாலம் வழங்கப்பட்டது. அவற்றுள் பெனாசிட்டின் சிறுநீரகத்தைக் கெடுப்பதென்று தெரிந்து, நம் நாட்டிலும் அது 1980களில் விலக்கப்பட்டது. கடைக்காரர் பட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டே மாத்திரையை வெட்டிக் கொடுக்க, வாங்கியவர் பக்கத்து டீக்கடையில் ஒரு கிளாஸ் டீயோடு அதை விழுங்கிவிட்டு மறுபடி வேலைக்குப் போகும் காட்சியை இந்த ஊர்களில் இன்றும் காணலாம். வெறும் வயிறு, சூடான டீ, ஆஸ்பிரின்: இம்மூன்றும் சேர்வது எத்தகைய சேர்க்கை என்பதை விழுங்கியவர் அறியார், வெட்டிக் கொடுத்தவரும் அறியார்.

அதே காலத்தில் தென்னாட்டு வயிறு வேறொரு வியாதிக்குப் பேர்போனதாயிருந்தது. கோதுமை தின்னும் வடநாட்டைக் காட்டிலும் அரிசி தின்னும் தெற்கில் குடற்புண், அதாவது முன்சிறுகுடலில் உண்டாகும் அல்சர், மிகுதியாகக் காணப்படுவதை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அறுவை வைத்தியர்கள் கவனித்து எழுதினார்கள். அவர்களுள் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் சுற்ற வந்தவர், நாகர்கோவில் பக்கம் நெய்யூரிலிருந்த லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தையும், அவர்களைச் சமாளிக்கத் திணறும் ஒரே சர்ஜனையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த எதிர்காலத்தை உதறிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், செயற்கைப் பிராணவாயு இன்றி ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர் அவர். அத்தனை உயரத்தில் தம் தலை எப்படி இடித்தது என்பதைவிட, நெய்யூரில் தம் மேஜைக்கு வந்த வயிறுகளைப் பற்றியே அவர் அதிகம் கவலைப்பட்டார் என்று சொல்லலாம். 1949இல் நெய்யூரை விட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, 1961 வரை அங்கே போதித்துவந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஓர் அறையில் தொடங்கிய வைத்தியம், 1902இல் ஷெல் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி வளர்ந்திருந்த அந்த இடத்தில், சாமர்வெல் வந்த அதே 1949இல்தான் ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பி, நாட்டின் முதல் நரம்பியல் துறையை நிறுவினார். வயிற்றை அறிந்தவரும் தலையை அறிந்தவரும் ஒரே வளாகத்தில் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தது தற்செயல்தான். எனினும் அது என் கண்ணில் படாமல் போகவில்லை.

அல்சருக்கு அக்காலத்தில் செய்யப்பட்ட பெரிய பரிகாரம் இரைப்பையின் அடிப்பாகத்தைச் சிறுகுடலோடு இணைத்து, உணவும் அமிலமும் புண்பட்ட பகுதியைத் தொடாமல் போகப் புதுவழி செய்வது. 1881இல் வியன்னாவில் பில்ராத்தின் சீடர் வோல்ஃப்லர் முதலில் செய்த இவ்விணைப்போடு, 1943இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் அறிமுகப்படுத்திய வேகஸ் நரம்பை வெட்டும் முறையும் சேர்ந்து, தென்னிந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்களின் மேல்வயிற்றில் நெடுக ஒரு தழும்பைப் பதித்தன. வலி தீர்ந்து வீட்டுக்குப் போனவர்களுள் சிலர், மாதங்களோ வருஷங்களோ கழித்துப் பழைய வலியோடு, சில சமயம் ரத்த வாந்தியோடு, திரும்பி வந்தார்கள். இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும்படி இயற்கையாலேயே பதப்பட்டது. அதனோடு ஒட்டப்பட்ட சிறுகுடலோ பதனிடாத பச்சைத்தோல். இணைப்பின் ஓரத்தில், அந்தப் பச்சைப் பக்கத்தில், புதுப்புண் பிடித்தது. புகையிலையும் ஆஸ்பிரினும் அந்தப் புண்ணுக்கு எண்ணெய் வார்த்தன.

ஆஸ்பிரின் இரைப்பையின் உட்தோலைச் சிவக்கச் செய்வதை 1938இல் லண்டனில் டௌத்வைட், லின்டாட் இருவரும் உட்காண் குழாய் வழியே நேரில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஏன் அப்படி என்பது 1971இல் ஜான் வேன் கண்டறிந்த பிறகே விளங்கிற்று: வலியைத் தூண்டும் பிராஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த புரூஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் முதலியனவும் தடுக்கின்றன, அதே பொருள்தான் இரைப்பையின் காப்புச் சளியையும் வளர்ப்பது. வலியை அடக்கும் காரியமும் வயிற்றைப் புண்ணாக்கும் காரியமும் ஒரே செயலின் இரு விளைவுகள் என்பதால், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இந்த இனத்தின் தீங்கு முழுதும் நீங்குவதில்லை. 'ஊசி என்றால் வயிற்றுக்குப் பாதகமில்லை' என்று நம்மவர் நம்புவது பெரும் பிழை.

இடையில் ஒரு வார்த்தை. அக்காலத்துப் பண்டிதர்கள் அல்சருக்கு மிளகாயைக் குற்றம் சாட்டினார்கள். புளியை, டீயை, மரவள்ளியை, அரிசியைக் குற்றம் சாட்டினார்கள். இரண்டு தலைமுறை தென்னாட்டு நோயாளிகள் மோர்சோற்றில் காலம் தள்ளினார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அல்சருக்குக் காரணமான ஒரு கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்து, 2005இல் நோபல் பரிசும் பெற்ற பின்னரும், மிளகாய்க்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்கதையில் தலையையும் வயிற்றையும் ஒருவரே தொட்ட விந்தையும் உண்டு. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இளமையில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் போதித்தவர், 1960களில் இருதயத்துக்கென்று புரொப்ரனலோலைத் தோற்றுவித்தார்; நெஞ்சுவலிக்காக அதை உண்ட ஒரு நோயாளிக்கு நெடுநாள் தலைவலி நின்றுபோனது 1966இல் தற்செயலாகக் கவனிக்கப்பட்டு, அது மைக்ரேன் வராமல் தடுக்கும் மருந்தாயிற்று. அவரே கண்ட சிமெட்டிடின் 1976இல் வெளிவந்து, அமிலத்தை மாத்திரையாலேயே அடக்கியது. சத்திர சிகிச்சையின் தேவையும் படிப்படியாகக் குறைந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அல்சர் ஆபரேஷன் அருகிப்போனதே தவிர அதன் தத்துவம் வேறொரு உருவில் பிழைத்துக்கொண்டது. அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்கள் இளைத்தே இருப்பதையும், அவர்களைப் பருக்கவைப்பது கடினமாயிருப்பதையும் கவனித்த அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன், அந்த உபத்திரவத்தையே சிகிச்சையாக்கி, சிறு பையைச் சிறுகுடலோடு பொருத்தும் முதல் இரைப்பைத் துணைவழிச் சிகிச்சையை 1966இல் செய்தார். அதன் குறைபாடுகளும் பரம்பரைச் சொத்தாகவே வந்தன. வைட்டமின் பி12 முதலிய சத்துகள் சரிவர உறிஞ்சப்படாமை அவற்றுள் ஒன்று. 1960களில் வடஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவிய வெப்பநாட்டு ஸ்புரூவை ஆராய்ந்த வேலூர் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மத்தானும், குடல் எதை உறிஞ்சத் தவறுகிறது என்ற கேள்விக்கே ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிட்டவர்கள். மற்றொன்று இணைப்பின் ஓரத்துப் புண். துணைவழி செய்துகொண்டவர் ஆஸ்பிரின் இனத்து வலிமாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற இன்றைய கட்டளை, நெய்யூரும் வேலூரும் கண்ட அதே புண்ணிலிருந்து பிறந்தது. இரைப்பையைக் குழலாகச் சுருக்குவதோடு நிறுத்திக்கொள்ளும் சிகிச்சையில் குடல் இணைப்பு இல்லாததால் கண்டிப்பு சற்றுக் குறைவு. எச்சரிக்கை அங்கும் உண்டு.

பருமன் குறையும்போது பலருக்குத் தலைவலியின் தொந்தரவும் தணிகிறது. சிகிச்சைக்குப் பின் மாதத்தில் வலிக்கும் நாட்கள் குறைந்ததை அமெரிக்க ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. தணியாதவர்க்கு முதற்கண் பாராசிட்டமால். அதற்கு மிஞ்சினால் 1991இல் வந்த சுமாட்ரிப்டானும் அதன் இனமும். சிறுத்த வயிற்றில் மாத்திரை எவ்வளவு, எப்போது உறிஞ்சப்படும் என்ற சந்தேகம் எழுந்தால் மூக்கில் தெளிப்பதும் தோலடி ஊசியும். இருதய நோய் உள்ளவர்க்கு அவ்வினம் ஆகாது. அடிக்கடி வருகிறதென்றால் தடுப்பு மருந்து வேண்டும். அங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை: அமிட்ரிப்டிலினும் ஃப்ளூனரிசினும் எடையை ஏற்றக்கூடியன. டோபிரமேட் எடையை இறக்கினாலும், துணைவழிக்குப் பின் இயல்பாகவே கூடும் சிறுநீரகக் கல்லின் அபாயத்தைப் பெருக்குவது. புரொப்ரனலோல் ஆஸ்துமாக்காரர்க்கு ஆகாது. மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரைகள் குறுக்குவழியில் கரையாமலே போய்விடக்கூடும். சாப்பாட்டு வேளை தவறுவதும் நீர் குறைவதும் சிறு வயிற்றுக்காரரை மற்றவரைவிட விரைவில் தாக்கும். ரமலானின் முதல் சில நாட்களில், காபியும் டீயும் நீரும் ஒருங்கே நிற்பதால், நல்ல வயிற்றுக்காரருக்கே தலை இடிப்பதுண்டு என்பதால், ஆம்பூர், வாணியம்பாடி நோயாளிகள் நோன்புக்கு முன்பே மருத்துவரோடு கலந்துகொள்வது உசிதம்.

சாமர்வெல் காலத்து நோயாளியின் வயிற்றிலிருந்த ஒரு சாண் தழும்பைப் பார்த்தாலே எந்த வைத்தியருக்கும் விஷயம் விளங்கிவிடும். 1990களிலிருந்து துணைவழிச் சிகிச்சை சிறு துளைகள் வழியே நடைபெறுவதால், ஆண்டுகள் செல்லச் செல்லத் துளைத்தழும்புகள் மங்கி, உள்ளே செய்த மாற்றத்தை வெளியே எதுவும் சொல்வதில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு வருபவருக்குப் பட்டையை வெட்டிக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர் அதை யூகிக்க வழியே இல்லை. ஆகையால் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தரப்படும் சீட்டில், இன்ன ஆபரேஷன் ஆயிற்று, இன்னின்ன மாத்திரைகள் கூடா என்பதை, தமிழிலும், உருது படிப்பவர்க்கு உருதுவிலும், எளிதில் படிக்கும்படி எழுதிக் கொடுத்து, அதைக் கடையில் நீட்டச் சொல்வது அவசியமாகிறது.