தாழ்வாரத்தில் தொழில் கற்ற இருவர்

ஃபிரான்சிஸ் பெர்கின்ஸையும் ஆர்ட்டி சாமிஷையும் அருகருகே நிறுத்திப் பார்க்க யாருக்கும் எளிதில் மனம் வராது. முன்னவர் 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறை அமைச்சராகி, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணானவர். பின்னவர் 1953-இல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறை சென்றவர். ஆனாலும் இருவரும் தொழில் கற்ற இடம் ஒன்றுதான். அது மாநிலச் சட்டமன்றத்தின் தாழ்வாரம். பெர்கின்ஸ் 1910 முதல் நியூயார்க் நுகர்வோர் சங்கத்துக்காக மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உறுப்பினர்களின் கதவைத் தட்டினார். சாமிஷ் பியர் ஆலைகள், பேருந்து நிறுவனங்கள், குதிரைப் பந்தயத் திடல்கள் ஆகியவற்றுக்காக 1949 வரை கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் கோலோச்சினார். இருவருமே லாபியிஸ்டுகள், அதாவது பிறருக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு திரட்டுபவர்கள். அந்தத் தொழிலுக்கு எத்தகைய மனிதர்கள் வருகிறார்கள், அங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதை அறிய இந்த முரணான இணையே நல்ல வழி என்று எண்ணுகிறேன்.

பிறப்பிலும் வளர்ப்பிலும் இருவரும் இரு துருவங்கள். பெர்கின்ஸ் வசதியான குடும்பத்துப் பெண். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் ஏழைகளின் வாழ்க்கையை நேரில் கண்டபின் கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் பெற்றவர். சாமிஷ் தந்தையின் ஆதரவின்றித் தாயிடம் வளர்ந்து, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, சட்டமன்றத்தில் சிறு எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் நூல்களிலிருந்து அரசியல் கற்கவில்லை. மசோதா எந்த மேசையில் தங்கும், யார் கை அசைந்தால் நகரும் என்பதைக் கோப்பு தூக்கியே கற்றார்.

படிப்புதான் இருவரையும் பிரித்தது என்று இங்கே முடிவுகட்டத் தோன்றும். அதைத் தடுப்பவர் ஆல் ஸ்மித். ஆல்பனியின் நெளிவுசுளிவுகளைப் பெர்கின்ஸுக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்மித், தந்தை இறந்ததால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். கீழவை உறுப்பினரானபின் மசோதாக்களை வரிவரியாகப் படித்தே சட்ட நுணுக்கம் தேர்ந்தவர். பின்புலத்தில் அவர் சாமிஷுக்கு உடன்பிறந்தவர் போன்றவர். நோக்கத்தில் பெர்கின்ஸின் தோழர். பள்ளிச் சான்றிதழை வைத்து இத்தொழிலின் அறத்தை அளக்க முடியாது.

தொழில் நுட்பத்துக்கு வந்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. பெர்கின்ஸ் ஒரு சிவப்பு உறை வைத்திருந்தார். ‘ஆண் மனத்தைப் பற்றிய குறிப்புகள்’ என்பது அதன் தலைப்பு. தாழ்வாரத்தில் உறுப்பினர்கள் சொன்னவை, தடுமாறியவை, வெட்கப்பட்டவை யாவும் அதில் சேர்ந்தன. ஒருமுறை மேலவை உறுப்பினர் ஒருவர் தம் மனச்சுமையை அவரிடம் இறக்கிவைத்துவிட்டு, எல்லா மனிதருக்கும் ஒரு தாய் உண்டல்லவா என்ற பொருளில் ஏதோ சொல்லிப் போனார். முப்பதைச் சற்றே கடந்த பெர்கின்ஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் தங்கள் தாயை மதிக்கும் விதத்தில் தம்மையும் மதிக்கட்டும் என்று கறுப்பு உடைக்கும் முக்கோணத் தொப்பிக்கும் மாறினார். சாமிஷும் மனிதரைப் படிப்பதையே முதலாகக் கொண்டவர். தமக்கென ஓர் உளவுப்படையே உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். எதிரே நிற்பவருக்கு வேண்டியது சாப்பாடா, பெண்ணா, பணமா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன் என்றும் பெருமை பேசினார். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: இந்த மனிதரை அசைப்பது எது? பெர்கின்ஸ் அதற்கு விடையாகத் தேடியது அவருடைய மனசாட்சியை. சாமிஷ் தேடியது அவருடைய பசியை.

அதனால்தான் அழைத்துச் சென்ற இடங்களும் வேறாயின. சாமிஷின் விருந்தோம்பல் சட்டமன்றத்துக்கு எதிரே இருந்த செனட்டர் ஹோட்டலில் நடந்தது. பெர்கின்ஸோ உறுப்பினர்களைத் தொழிற்சாலைகளுக்கு இழுத்துப் போனார். பத்து மணி நேர இரவு வேலை முடித்துக் கயிற்றாலையிலிருந்து வெளியேறும் பெண்களை ஆல் ஸ்மித்துக்குக் காட்டினார். மேலவை உறுப்பினர் ராபர்ட் வாக்னரைச் சுவரிலிருந்த சிறு துளை வழியே தவழ வைத்து, தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்று முதலாளிகள் சொன்ன பனி உறைந்த இரும்பு ஏணியை அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்தார். அந்த ஏணி தரையைத் தொடவே இல்லை. வயிற்றை நிறைத்து வாக்கு வாங்கியது ஒரு முறை. வயிற்றைக் கலக்கி வாக்கு வாங்கியது இன்னொரு முறை. எனக்கு இரண்டாவது முறையே கடினமானதாகவும் நேர்த்தியானதாகவும் படுகிறது.

ஆயினும் பெர்கின்ஸைத் தூய்மையின் சிலையாக்கினால் அவருடைய திறமை மறைந்துபோகும். 1912-இல் பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் மசோதாவில், பழம் காய் பதனிடும் ஆலைகளுக்கு விலக்கு தரும் திருத்தத்தை எதிரிகள் நுழைத்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் எப்படியும் இதை ஏற்க மாட்டார்கள், மசோதா தானே சாகும் என்பது அவர்கள் கணக்கு. பெர்கின்ஸ் தமக்கு இடப்பட்ட கட்டளையை மீறி அதை ஏற்றார். கடைசி நேரத்தில் வாக்கு குறைந்தபோது நியூயார்க் நகரப் படகுக்குப் புறப்பட்டுவிட்ட ‘பிக் டிம்’ சல்லிவன் திருப்பி அழைக்கப்பட்டு வந்து வாக்களித்தார். சல்லிவன், நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹாலின் பேர்போன புள்ளி. சீர்திருத்தக்காரர்கள் முகம் சுளிக்கும் ஆள். ஆனால் அவருடைய சகோதரி இளம்வயதிலேயே வேலைக்குப் போனவர். அது அவர் நெஞ்சில் இருந்தது. அந்த நெஞ்சைக் கண்டுபிடித்தவர் பெர்கின்ஸ். ஆட்களைத் தரம் பிரிக்காமல் பழகுவதில் அவர் சாமிஷுக்குச் சற்றும் இளைத்தவரில்லை.

பெர்கின்ஸிடம் இல்லாதது பணம். வாக்கும் இல்லை, நியூயார்க்கில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1917-இல்தான். யாரோ தேர்ந்தெடுத்த மனிதர்களிடம் அவர் பேசவேண்டியிருந்தது. சாமிஷ் அந்த நிலையையே தலைகீழாக்கினார். பீப்பாய்க்கு ஐந்து சென்ட் வீதம் பியர் ஆலைகள் தந்த நிதியைக் கொண்டு, தமக்கு வேண்டியவரைத் தேர்தலுக்கு முன்பே தேர்ந்து வெல்ல வைத்தார். ஒரே வேட்பாளர் இரு கட்சிகளின் முதனிலைத் தேர்தலிலும் நிற்கலாம் என்ற கலிஃபோர்னியா வழக்கம் கட்சிகளை வலுவிழக்கச் செய்திருந்தது. அந்த வெற்றிடத்தில் அவர் ஒரு தனிக் கட்சி போலவே இயங்கினார். தம் வாடிக்கையாளர்கள் சார்ந்த விஷயங்களில் சாமிஷுக்கு ஆளுநரைவிட அதிக அதிகாரம் உண்டு என்று ஆளுநர் எர்ல் வாரனே ஒப்புக்கொண்டார்.

இருவருடைய வாழ்வையும் திருப்பியது பொதுவெளியின் வெளிச்சம். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டை ஆலைத் தீயில் 146 பேர் மாண்டதைப் பெர்கின்ஸ் தெருவில் நின்று கண்டார். அதன்பின் எழுந்த மக்களின் கோபம், தாழ்வாரத்தில் அவர் தனியே சொல்லிவந்ததை ஊரறியச் சொல்லும் விசாரணை ஆணையமாயிற்று. சாமிஷின் செயல்கள் முதலில் அச்சேறியது 1939-இல், சட்டமன்ற ஊழலை விசாரித்த ஃபில்பிரிக் அறிக்கையில். மேலவை அதைத் தன் பதிவேட்டில் அச்சிட்டுவிட்டு உடனே நீக்கிக்கொண்டது. பத்தாண்டு கழித்து சாமிஷ் ‘காலியர்ஸ்’ இதழுக்காகச் சட்டமன்றத்தைக் குறிக்கும் ஒரு பொம்மையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டபோது, இம்முறை அதை யாராலும் நீக்க முடியவில்லை. அதே 1949-இல் சட்டமன்றம் அவரை வெளியேற்றியது. லாபி முறையை ஒழுங்குபடுத்தச் சட்டமும் இயற்றியது. பெர்கின்ஸின் வாதம் பத்திரிகையில் வந்தால் வலுக்கும். சாமிஷின் பலம் பத்திரிகையில் வந்தால் கரையும். இந்த ஒரு சோதனை எந்த லாபியிஸ்டுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, அவர்கள் நடந்த திசை. சாமிஷ் அரசு மேசையிலிருந்து தாழ்வாரத்துக்கு வந்தார். பெர்கின்ஸ் தாழ்வாரத்திலிருந்து மேசைக்குப் போனார். இன்று மாநிலத் தலைநகரங்களில் அதிகம் தேய்ந்த பாதை முதலாவதுதான். முன்னாள் உறுப்பினர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் தாம் அறிந்த முகங்களையும் நடைமுறைகளையும் மூலதனமாகக் கொண்டு இத்தொழிலுக்கு வருகிறார்கள். பதவிக்காலம் முடிந்த உறுப்பினர் ஓராண்டு காத்திருக்கவேண்டும் என்று கலிஃபோர்னியா விதிப்பது அதனால்தான். அதற்காக அந்தப் பாதையையே பழிக்கவும் வழியில்லை. பெர்கின்ஸின் ஆசானான ஃபுளோரன்ஸ் கெல்லியும் 1893-இல் இலினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்துவிட்டு வெளியே வந்து சட்டங்களுக்காகப் போராடியவர்தாம். 1919-இல் ஆளுநராகியிருந்த ஆல் ஸ்மித், மாநிலத் தொழில் ஆணையத்தில் பெர்கின்ஸை உறுப்பினராக்க விரும்பினார். பெர்கின்ஸ் தயக்கத்தோடு கெல்லியிடம் ஆலோசனை கேட்டார். நாங்கள் பயிற்றிய ஒருவர் நிர்வாகத்தில் அமரும் நாளைக் காண்பேன் என்று நினைக்கவே இல்லை என மகிழ்ந்து, கெல்லி அவரை அனுப்பிவைத்தார்.