ஏழு கேள்விகள்

போன வருடம் ஜிம்மில் சேர்ந்தபோது கவுண்டரில் ஒரு போராங் நீட்டினார்கள். ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். ஏழிலும் ‘இல்லை’யில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு 47 வயதில் பைபாஸ் நடந்தது. அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா தெரியாது. பின்னால் வரிசை நின்றது.

நான் பொறியாளன். இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் நிரப்பும் தாள்கள் எனக்குப் புதிதில்லை. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒரு விபத்து இருக்கும். இந்தத் தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது மருத்துவர் அறைக்குள் மட்டும் நடந்த காரியம். 1929இல் நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் இரண்டு படிகளை வைத்து, ஆட்களை ஏறி இறங்கச் சொல்லி, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார். 1963இல் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் ட்ரெட்மில் சோதனைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 விழுக்காடு ஏற்றம் என்று தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். சுமை ஏற்றினால்தான் விரிசல் தெரியும் என்பது எங்கள் துறையிலும் பாலபாடம்.

ஆனால் ஒரு நாட்டையே ட்ரெட்மில்லில் ஏற்ற முடியாது. 1970களில் கனடா அரசு மக்களை நாற்காலியிலிருந்து எழுப்பப் படாதபாடு பட்டது. வீட்டிலேயே இசைத்தட்டை ஓடவிட்டு, அதன் தாளத்துக்குப் படியேறி இறங்கும் ஒரு சோதனையையும் உருவாக்கினார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் செய்கிற சோதனை. யாரைத் தடுப்பது, யாரை விடுவது? அந்தப் பத்தாண்டின் நடுவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த ஏழு கேள்வித் தாள்தான் ‘பார்-க்யூ’. என் கைக்கு வந்தது அதன் பேரப்பிள்ளை.

முதல் வடிவத்தில், உங்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று மருத்துவர் எப்போதாவது சொன்னாரா என்று ஒரு கேள்வி இருந்தது. 65 வயதைத் தாண்டியவரா என்றும் கேட்டார்கள். இதனால் ஒழுங்காக நடக்கக்கூடிய பலரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எப்போதும் அலறும் அலாரத்தை யாரும் மதிக்கமாட்டார்கள். 1994இல் வந்த திருத்தத்தில் வயதுக் கேள்வி போய்விட்டது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ இப்போது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. 1993இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கடும் உழைப்பின்போது மாரடைப்பு வரும் வாய்ப்பு, வாரம் ஐந்து தடவைக்குக் குறையாமல் பயிற்சி செய்பவருக்குச் சும்மா இருக்கும் நேரத்தைவிட 2.4 மடங்கு. உட்கார்ந்தே பழகியவருக்கோ 107 மடங்கு. (மொத்தத்தில் மிகச் சிறிய வாய்ப்பின் 107 மடங்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) ஆக, அதிகம் பயமுறுத்தக்கூடாதவரும் அதிகம் கவனிக்க வேண்டியவரும் ஒரே ஆள். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு கேள்விப்பட்டியலைப் பின்பற்றினால் 40 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. மறு வருடமே அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி தன் விதிகளைத் தளர்த்தியது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

இருந்தாலும் ஜிம் ஃபிக்ஸ் என்னை விடமாட்டேன் என்கிறார். 1977இல் அவர் எழுதிய ஓட்டப்பயிற்சி நூல் அமெரிக்காவையே தெருவில் ஓடவைத்தது. அவருடைய அப்பா 43 வயதில் இதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸும் ஒரு காலத்தில் நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட், நூறு கிலோ வாக்கில் உடம்பு. 35 வயதுக்கு மேல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். டல்லாஸில் கென்னத் கூப்பர் தன் கிளினிக்கில் ட்ரெட்மில் சோதனை செய்துகொள்ளச் சொன்னபோது மறுத்துவிட்டார். 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது சாலையோரம் விழுந்து இறந்தார். வயது 52. இதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு. சில காலமாகவே ஓடும்போது தொண்டையை இறுக்குவதாக நெருங்கியவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

தொண்டை. தாளில் இருப்பது நெஞ்சு வலி. அவரிடம் என் போராங்கைக் கொடுத்திருந்தால் பொய் சொல்லாமலேயே ஏழிலும் ‘இல்லை’ போட்டிருக்கலாம்.

இதைப் படித்த இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு வலித்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“நெஞ்சு ஒண்ணும் வலிக்கல. ஃபிளாட் படி ஏறுனா தாடைய இழுக்கும், அவ்ளோதான். பல்லுன்னு நெனச்சி பல் டாக்டர்கிட்ட ரெண்டு தடவ போனேன். ஒரு பல்லப் புடுங்கிகூட விட்டாரு.”

போராங் விஷயத்தைச் சொன்னேன். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஏழாவது முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நானும் எல்லாத்துக்கும் இல்லன்னுதான்டா போட்டிருப்பேன்” என்றார். “நீ எப்ப கிளினிக் போற?”