முடியாத கதைகள்: மலையிலிருந்து நெடுந்தொடரை வாசித்தல்

1

'இழுவை' என்பது தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி நம்மிடையே புழங்கும் ஒரே விமர்சனச் சொல். எழுத்தாளர், பேராசிரியர், தோழர் என்று யாரைக் கேட்டாலும் 'இழுக்கிறான்யா' என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அழுகை, மாமியார், பழிவாங்கல், முகத்துக்கு முகம் மூன்று முறை பாயும் காமிரா, போதும்டா சாமி. இந்தக் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது யாருடைய அலுப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறி நீண்டது என்கிறோமே, அந்த அளவு யாருடையது? கதை முடியக்கூடாது என்று முடிவு செய்பவர் யார்? யாருடைய பெயரால் செய்கிறார்?

இந்தக் கேள்விகளைச் சென்னையிலிருந்து கேட்டால் ஒரு பதிலும், நீலகிரித் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து கேட்டால் வேறொரு பதிலும் வருகிறது. இக்கட்டுரை இரண்டாவது இடத்தில் நின்று பார்க்க முயல்கிறது.

2

முதலில் நீளத்தின் வரலாறு. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தூர்தர்ஷன் காலத்தில் ஒரு தொடரின் நீளம் கோப்பில் தீர்மானமாகும் விஷயம். 13 வாரம் என்பது வழக்கமான அனுமதி. நல்லா ஓடினால் 26, ரொம்ப செல்வாக்கு இருந்தால் 52. நீட்டிக்க வேண்டுமா, தில்லியில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அரசு கதை சொல்லியது, அரசே 'வணக்கம்' போட்டது.

1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' இந்தியாவின் முதல் நீண்ட தொடர். மெக்சிகோவில் மிகெல் சபிதோ குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடர்கதை வழியாகப் போதிக்க உருவாக்கிய முறையைப் பின்பற்றி வந்தது அது. 1985 டிசம்பரில், 17 மாதங்களில் முடிந்தது. ஜனங்களைத் திருத்துவது அதன் நோக்கம். திருந்தினார்களோ இல்லையோ, இடைவேளையில் நூடுல்ஸ் விற்கலாம் என்பது நிரூபணமானது. அதுபோதும் வியாபாரத்துக்கு.

அடுத்தது 'ராமாயணம்'. 1987 ஜனவரி 25இல் ஆரம்பம். 52 வாரத்துக்கு அனுமதி பெற்ற தொடர் நீட்டிக்கப்பட்டு, நீட்டிக்கப்பட்டு, 78 வாரம் ஓடி 1988 ஜூலை 31இல் நின்றது. இந்த நீட்சியின் மதவாத அரசியல் விளைவுகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. உத்தர காண்டம் இல்லாமல் தொடரை முடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வட இந்திய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வால்மீகியைத் தங்கள் மூதாதையாகக் கொண்ட தலித் மக்கள் அவர்கள். வால்மீகி முக்கியக் கதாபாத்திரமாக வருவது அந்தக் கடைசிக் காண்டத்தில்தான். அதை வெட்டிவிட்டுக் கதையை மங்களமாக முடிப்பது என்றால், கதை சொன்னவனையே கதையிலிருந்து வெளியேற்றுவது என்று அர்த்தம். குப்பை குவிந்தது, நகரம் நாறியது, அரசு இறங்கி வந்தது. உத்தர ராமாயணம் தனித் தொடராக எடுக்கப்பட்டது.

'முடிக்காதே' என்று பார்வையாளர்கள் கூட்டாக, வெளிப்படையாக, தங்கள் உழைப்பை நிறுத்திச் சொன்ன சந்தர்ப்பம் இது. அதற்குப் பிறகு நீளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் மக்கள் இருந்ததில்லை. 'மக்கள் விரும்புகிறார்கள்' என்ற வாக்கியம் மட்டுமே இருந்துவந்திருக்கிறது.

3

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. கோப்பு போய்விட்டது, 13 வாரக் கணக்கும் போய்விட்டது. இடத்துக்கு வாடகை என்கிற ஏற்பாடு வந்தது. தயாரிப்பாளர் நேரத்தை வாங்குகிறார். ஒளிபரப்புக் கட்டணம் கட்டுகிறார். பதிலுக்குக் கிடைக்கும் விளம்பர நிமிடங்களை விற்றுப் போட்ட காசை எடுக்கிறார். இந்த ஏற்பாட்டில் கதை என்பது என்ன? நேரத்தைக் கைவசம் வைத்திருப்பதற்கான சாட்சி, அவ்வளவுதான். புதுத் தொடர் என்றால் புது முதலீடு, புது செட்டு, புது ஆபத்து. பழைய தொடரில் வீடு கட்டியாச்சு, முகங்கள் பழகியாச்சு, சோப்புக் கம்பெனியும் பழகியாச்சு. எனவே, ஓடுகிற கதையை நிறுத்துவது பொருளாதார ரீதியில் முட்டாள்தனம்.

விளைவு தெரிந்ததே. 1999 டிசம்பரில் தொடங்கிய 'சித்தி' 2001 நவம்பரில் முடியும்போது 460க்கு மேற்பட்ட பகுதிகள். 'மெட்டி ஒலி' 800ஐத் தாண்டியது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1,500க்கு மேல். 2014 அக்டோபரில் தொடங்கிய 'சந்திரலேகா' 2022 அக்டோபரில் முடிந்தது. எட்டு வருஷம், 2,300க்கு மேல். ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' தொலைக்காட்சிக்கு மாறி 2009இல்தான் நின்றது, 72 வருஷம். அதை வளர்த்தது பிராக்டர் அண்ட் கேம்பிள் என்னும் சோப்புக் கம்பெனி. பெண்ணிய விமர்சகர் தானியா மோட்லெஸ்கி 1982இல் எழுதிய நூலில் இவ்வகைக் கதையாடலை வேறுவிதமாக வாசித்துக் காட்டினார். முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும், துண்டு துண்டாக வருவதும், சொன்னதையே சொல்வதும் வீட்டுவேலையின் தாளம். குறுக்கீடுகளுக்கு நடுவில் வாழும் பெண்ணின் கவனத்துக்கு ஏற்ப அமைந்த வடிவம் என்றார். காத்திருப்பதே அங்கே இன்பமாக்கப்படுகிறது.

பொருத்தமான வாசிப்புதான். ஆனால் மோட்லெஸ்கியின் பெண் பகலில் வீட்டில் இருப்பவள். நம் மலைக்காரி பகலில் கொழுந்துக் காட்டில் இருப்பவள்.

4

நீலகிரிக்கு வருவோம். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரின் தலைவிதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். 1974இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். 15 வருஷத்தில் முடிப்பதாகச் சொன்ன காரியம் அந்தக் கெடுவுக்குள் முடியவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசாங்கம் வைத்த பெயர். இந்தத் தாயகத்தை அவர்களில் பலர் அதற்குமுன் பார்த்ததே கிடையாது.

அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலை நடும் திட்டம் தொடங்கியது. 1976இலிருந்து அது டான்டீ என்ற அரசுக் கழகம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று லைன் வீடுகள் எழுந்தன. தனியார் தோட்டங்கள் முன்பே இருந்தன. படுகர் ஹட்டிகளைச் சுற்றிச் சிறு விவசாயிகளின் தேயிலையும் பரவியது. உருளைக்கிழங்கு போட்ட நிலமெல்லாம் தேயிலையானது. சோவியத் ரஷ்யா வாங்கியவரை கவலை இல்லை.

1991இல் சோவியத் உடைந்தது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது, உற்பத்திச் செலவுக்கும் கீழே போனது. 2000இல் மலை முழுக்கப் போராட்டம். இந்த வருஷங்களை மேலே சொன்ன வருஷங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க. தமிழகம் மாலையில் வீட்டுக்குள் போய்த் தொடர் பார்க்கத் தொடங்கிய அதே காலத்தில்தான் இந்த மலையில் குடும்பங்களின் வரவு செலவு உடைந்தது. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. 'சித்தி'யில் வந்த கஷ்டம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது, பச்சைத் தேயிலையின் கஷ்டம் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் மங்கிப்போனது என்று மட்டும் சொல்கிறேன்.

பிறகு 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள். அரசு பெட்டியைக் கொடுத்தது, தனியார் கதையைக் கொடுத்தார்கள். மலைப்பிரதேசத்தில் தரைவழி அலை நேர்கோட்டில் வரும். ஒரு சரிவில் படம் தெரியும், அடுத்த சரிவில் பொரிதான் தெரியும். கேபிளும் பிறகு டிஷ்ஷும் வந்தபின்தான் இந்த வித்தியாசம் போனது. லைன் வீட்டுக்குள் 'கோலங்கள்' வந்தது. பகலில் கொழுந்து நிறுத்து, மேஸ்திரி பேர் எழுதி, விறகு சேர்த்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில், கட்டடக் கம்பெனி நடத்தும் அபி போராடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரத்தைப் பெண்கள் நேசித்ததற்குக் காரணம் இருந்தது. வேலைக்குப் போகிற, கணக்குப் பார்க்கிற, எதிர்த்துப் பேசுகிற பெண் அவள். 'இதெல்லாம் பொய்ப் பிரக்ஞை' என்று ஒதுக்கும் தோழர்கள், அந்தப் பெண்களுக்கு அப்படியொரு பாத்திரத்தை நாம் எங்கே எழுதிக் கொடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

5

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தொடர் நீடிப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் டி.ஆர்.பி. யார் வீட்டில் அந்த மீட்டர் இருந்தது? டாம் நிறுவனம் அளந்த காலத்தில் மீட்டர்கள் பெரும்பாலும் லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில்தான் இருந்தன. கிராமப்புறத்தை அளக்கத் தொடங்கியது பார்க் அமைப்பு வந்தபின், 2015 அக்டோபரில். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் ஜனத்தொகை 88,430. மாவட்டத் தலைநகருக்கே இந்தக் கதி என்றால் சேரம்பாடி லைன் வீட்டை யார் எண்ணியிருப்பார்?

ஆக 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' காலம் முழுக்க இந்தப் பெண்கள் பார்த்தார்கள், ஆனால் எண்ணப்படவில்லை. அவர்கள் பார்ப்பதை நிறுத்தியிருந்தாலும் தொடர் ஒரு நாள்கூட முன்னதாக முடிந்திருக்காது. 'பொம்பளைங்க பார்க்கறாங்க, அதான் இழுக்கறாங்க' என்று சொல்வது, எண்ணாத தலைகள் மேல் பழியைப் போடுவது. மீட்டர் எண்ணியது ரசிகையை அல்ல, வாங்கும் சக்தியை.

எண்ணப்படாதவர்கள் கதையிலும் இல்லை. சினிமாவுக்கு ஊட்டி டூயட் பாடும் இடம். பச்சைப் பின்னணியில் ஜோடி ஓடும், கொழுந்து பறிப்பவர் தெரிந்தால் அது அழகுக்கு. நெடுந்தொடருக்கு அதுகூடக் கிடையாது. கூடம், மாடிப்படி, சமையலறை, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், திரும்பக் கூடம். அந்த வீட்டின் சாதி சொல்லப்படாது, ஆனால் தெரியும். ஆயிரம் பகுதிகளில் எத்தனையோ சொத்துத் தகராறு வரும், கூலித் தகராறு வராது. நேரம் இல்லாமலா? நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே.

நடிகர் விலகிவிட்டால் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு அடுத்த நாளே வேறு முகம் வரும். நகரத்துப் பார்வையாளன் சிரிக்கிறான். தோட்டத்தில் இது சிரிப்பு இல்லை. வீட்டிலிருந்து ஒருவர் செக்ரோலில் இருக்கும்வரைதான் லைன் வீடு. அம்மா ஓய்வு பெற்றால் மகளோ மருமகளோ பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஆள் மாறலாம், இடம் காலியாக இருக்கக்கூடாது என்ற விதி இரண்டு இடத்திலும் ஒன்றே. காரணமும் ஒன்றே: நிறுத்தாமல் ஓடவேண்டியது மனிதர் அல்ல, விளைச்சல்.

6

2020 ஊரடங்கு இந்த முறையை அம்பலப்படுத்தியது. படப்பிடிப்பு நின்றது. மார்ச் கடைசியில் தூர்தர்ஷன் 'ராமாயண'த்தைத் திரும்பப் போட்டது. சன் டிவியில் 'மெட்டி ஒலி' திரும்ப வந்தது. படப்பிடிப்பு மறுபடி தொடங்கியபோது சில தொடர்கள் முடிவே காட்டப்படாமல் கைவிடப்பட்டன. வருஷக்கணக்கில் முடியவே கூடாது என்றிருந்த கதை, ஒரு சொல் விளக்கம்கூட இல்லாமல் மறைந்தது. ஆக, முடிவு என்பது கதையின் உரிமையாக ஒருபோதும் இருந்ததில்லை. நீட்டுவதும் வெட்டுவதும் ஒரே கை. நம் விமர்சனம் நீளத்தைத் திட்டியே காலம் கழித்தது, கையைப் பார்க்கவில்லை.

2022 அக்டோபரில் 'சந்திரலேகா' முடிந்தது. அதே அக்டோபரில் டான்டீயின் 2,150 ஹெக்டேருக்கு மேற்பட்ட தேயிலை நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் அரசாணை பேசுபொருளாகி, வேலையும் வீடும் என்ன ஆகும் என்று தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். நஷ்டம் என்பது காரணம். யானை வழித்தடமும் காடும் திரும்ப வேண்டும் என்பதில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1964இல் இரண்டு அரசுகள் தொடங்கிய கதை இது. இரண்டு மூன்று தலைமுறையைக் கவாத்து வெட்டி இடுப்பளவிலேயே நிறுத்திவைத்துவிட்டு, இப்போது கணக்குப் பார்த்து 'நிகழ்ச்சி முடிந்தது' என்கிறார்கள். முடிவை எழுதும்போதும் அவர்களைக் கேட்கவில்லை.

1988இல் துப்புரவுத் தொழிலாளர்கள் கேட்டது பொழுதுபோக்கை அல்ல. எங்கள் ஆள் இல்லாமல் கதையை முடிக்காதே என்றார்கள். தொடர்களை ஒழிக்க வேண்டும், சுருக்க வேண்டும் என்ற வழக்கமான கோரிக்கையைவிட அது கூர்மையானது. எழுத்தாளர்களாகவும் இயக்கக்காரர்களாகவும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான். எவ்வளவு நீளம் என்பது இரண்டாவது கேள்வி. யாரை விட்டுவிட்டு இவ்வளவு நீளம், யாரைக் கேட்காமல் இந்த முடிவு என்பவையே முதல் கேள்விகள்.