144-வது இடத்துல ஆரம்பிச்ச கதை

சாவி கொடுக்குற வாட்ச்சோட பின்மூடியைக் கழட்டிப் பாத்திருக்கீங்களா? தலைமுடி மாதிரி சுருண்ட ஒரு ஸ்பிரிங், அதோட சேர்ந்து இப்படியும் அப்படியும் ஆடுற பேலன்ஸ் சக்கரம், பக்கத்துல '+', '-' போட்ட ஒரு குட்டி லீவர். லீவரை '+' பக்கம் நகர்த்தினா ஸ்பிரிங்கோட ஆடுற நீளம் குறையும், வாட்ச் வேகமா ஓடும். அவ்ளோதான் தத்துவம். 1675-ல ஹைகென்ஸ் இந்த ஸ்பிரிங்கை அறிவிச்சப்போ, 'இது என் யோசனை'ன்னு ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அதுல 10 வினாடி தவறினாக்கூட 99.98 சதவீதம் சரின்னு அர்த்தம். (நம்ம ப்ராஜெக்ட் எஸ்டிமேட் எல்லாம் இந்தப் பக்கமே வர முடியாது :-)) ஆனா மேஜைமேல படுக்க வெச்சா ஒரு வேகம், நிமிர்த்தி வெச்சா வேற வேகம். வெயிலுக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஓட வைக்கிறதுதான் நிஜமான வேலை. அதுக்குன்னே சுவிட்சர்லாந்துல தனி நிபுணர்கள் இருந்தாங்க. அவங்க சரிபண்ணின வாட்ச்களை நியூஷாட்டல், ஜெனீவா வானாய்வுக்கூடங்கள் வாரக்கணக்குல சோதிச்சு, மார்க் போட்டு வரிசைப்படுத்தும்.

1964-ல நியூஷாட்டலுக்கு ஜப்பான்லேர்ந்து சீகோ வந்தது. கிடைச்சது 144-வது இடம். நானா இருந்தா மூட்டை கட்டியிருப்பேன். அவங்க விடலை. சீகோவுக்குள்ளயே சுவா, டாய்னின்னு ரெண்டு தொழிற்சாலை, ஒண்ணுக்கொண்ணு போட்டி. சக்கரம் வேகமா ஆடினா வெளி அதிர்ச்சி அதைக் குறைவாத்தான் பாதிக்கும். அதனால வினாடிக்கு 5 துடிப்புங்கிற பழைய கணக்கை விட்டுட்டு 10 வரைக்கும் போனாங்க. அப்புறம் மனுஷக் கை. ஸ்பிரிங்கோட வளைவை இடுக்கியால மயிரிழை அளவுல மாத்தி, சோதிச்சு, திரும்ப மாத்தி... நாலு வருஷம்!

1967-ல நியூஷாட்டல்ல நிறுவனங்களுக்கான வரிசையில டாய்னி 2-வது, சுவா 3-வது. 1968-ல ஜெனீவாவுல 4-லேர்ந்து 10 வரைக்கும் சீகோதான். அப்போ முதல் மூணு? சுவிஸ்காரங்களோட குவார்ட்ஸ் மாதிரிகள். அதாவது ஸ்பிரிங் வாட்ச்ல முதலிடம் ஜப்பானுக்கு, ஒட்டுமொத்த முதலிடம் ஸ்பிரிங்கே இல்லாத வாட்ச்சுக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச வில்லங்கம் இன்னும் இருக்கு. 1969 டிசம்பர் 25 அன்னிக்கு முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்ததும் சீகோவேதான். பேரு ஆஸ்ட்ரான், விலை 4,50,000 யென், மாசத்துக்கே 5 வினாடிதான் தவறும். அது சுவிஸ் ஊர்களை என்ன பண்ணிச்சுங்கிறதை இன்னொரு பதிவுல பாக்கலாம்.