படுக்கையிலிருந்து எழுப்பிய அகதி

நாரி பிடித்தால் நாங்கள் முதலில் செய்வது படுப்பதுதான். ஊரிலிருந்து கூடவே வந்த வைத்தியம் அது. குசினியில் உருளைக்கிழங்குச் சாக்கைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ தெறித்த இரவு, தொலைபேசியில் அம்மாவும் “அசையாமல் கிட ராசா” என்றுதான் சொன்னா. இங்குள்ள டொக்டரோ காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, நட என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. அகதிக்கு நோவும் இல்லையோ?

ஆனால் ஐரோப்பிய வைத்தியமும் நெடுங்காலம் அம்மாவின் கட்சியில்தான் இருந்தது. லண்டனில் ஜோன் ஹில்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1860 முதல் 1862 வரை ஆற்றிய விரிவுரைகள் ஓய்வையே பெருமருந்தாக முன்வைத்தன. 1947இல்தான் றிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில வைத்தியர் படுக்கைக்குப் போவதன் ஆபத்துக்களை வரிசைப்படுத்தி எழுதினார்: இரத்தம் கட்டியாதல், தசை கரைதல், மூட்டு இறுகுதல், மனம் சோர்தல்...

எங்களை நிறுத்திவைத்து வாசிக்கச் செய்தவர் இன்னொருவர். அவரும் அகதி. லுட்விக் குட்மன், பிறெஸ்லாவ் நகரத்து நரம்பியல் வைத்தியர், யூதர். 1939இல் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கிலாந்துக்குத் தப்பிவந்து, ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மன்டவில் ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு காயமடைந்தோருக்கான புதிய பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்நாளில் முள்ளந்தண்டு முறிந்த போர்வீரன் பெரும்பாலும் பிளாஸ்ரருக்குள் கிடத்தப்படுவான். படுக்கைப்புண்ணோ சிறுநீர்த் தொற்றோ வந்து கொண்டுபோகும்வரை காத்திருப்பதே வைத்தியம். குட்மன் பிளாஸ்ரரைக் கழற்றினார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடம்பைத் திருப்பச் செய்தார். இருத்தினார். பந்து எறிய வைத்தார். மரவேலை பழக்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், 14 ஆண்களும் 2 பெண்களும் அந்த ஆஸ்பத்திரிப் புற்றரையில் சக்கரநாற்காலியில் இருந்தபடி வில்லெய்தனர். 1960இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடினர். பராலிம்பிக் பிறந்த கதை இதுதான்.

எங்கள் நாரிநோவை அதனோடு ஒப்பிடுவது வெட்கக்கேடு. அதற்கான விடை பின்னர் வந்தது. 1986இல் அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட முந்தியே வேலைக்குத் திரும்பினர். 1995இல் பின்லாந்து ஆய்வில், நோவு அனுமதித்த அளவுக்கு வழமையான காரியங்களைச் செய்தவர்களே விரைவாகத் தேறினர். (சாக்குத் தூக்கும்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. எங்கள் முதலாளி இதைத் தப்பாக விளங்கிக்கொள்ளக்கூடாது.) நாங்களும் வேலை முடிந்து இரவில் இரண்டு தரிப்பு முன்னரே இறங்கி நடந்தோம். மூன்றாம் கிழமை குனிந்து சப்பாத்துக் கட்ட முடிந்தது.

இவற்றைத் தேடி வாசித்தது இன்னொருவனுக்காகவும்தான். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல்துண்டு முதுகில் பாய்ந்த எங்கள் சித்தியின் மகன், இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் வவுனியாவில் இருக்கிறான். சென்ற ஞாயிறு எடுத்துக் கேட்டோம், இரவில் உன்னை ஆர் திருப்பிவிடுறது என்று.

“அம்மாதான் அண்ணை. அலாரம் வச்சு எழும்புறவ. இப்ப அவவுக்கும் நாரி நோகுதாம்.”